ப்ரோக்கோலி: நடும் நாளைப் பார்த்து ஏமாறாதீர்கள்

போன வாரம் பாகலூர் பக்கத்திலிருந்து ஓர் இளைஞர் வந்து செல்போனில் ஒரு படத்தைக் காட்டினார். ப்ரோக்கோலிப் பூவுக்கு நடுவே சின்னச் சின்ன இலைகள் நீட்டிக்கொண்டிருந்தன. "அண்ணா, இதற்கு என்ன மருந்து அடிக்கலாம்?" என்றார். எந்த மருந்தும் கேட்காது. அதே பூவை என் நிலத்திலும் ஒரு காலத்தில் பார்த்திருக்கிறேன் என்பதால்தான் ப்ரோக்கோலியில் நாம் செய்யும் தவறுகளை ஒவ்வொன்றாக எழுதுகிறேன். தண்ணீர் கட்டுவது, களையெடுப்பது பற்றியெல்லாம் சொல்லப்போவதில்லை; அதைச் செடியே கற்றுக்கொடுத்துவிடும்.

ஐப்பசியில் ஜெயித்த ரகத்தை மாசியிலும் நடுவது

ஓசூர்ப் பக்கம் ஐப்பசியில் நட்ட முதல் நடவு எனக்குப் பிரமாதமாக வந்தது. மார்கழிக் குளிரில் பூ இறுக்கமாக, கரும்பச்சையாக, அரைக் கிலோவுக்குக் குறையாமல் கட்டியது. தலைகால் புரியவில்லை. அதே ரக விதையை வாங்கி நாற்றுவிட்டு, மாசியில் 25 சென்ட்டில் நட்டேன். அப்போது காலையில் போர்வை தேடும் குளிர் இருந்தது. செடிகளும் ஐப்பசிச் செடிகளைவிட வேகமாக வளர்ந்தன. அந்த வேகத்தைப் பார்த்து மகிழ்ந்தேன் பாருங்கள், அதை நினைத்தால் இன்றும் எரிச்சல் வருகிறது.

சித்திரையில் பூ வந்தது. மேடு பள்ளமாக, மொட்டுகள் ஒன்று பெரிதும் ஒன்று சிறிதுமாக, இடையிடையே இலை. மண்டிக்காரர் ஒரு பூவை எடுத்துத் திருப்பிப் பார்த்துவிட்டு, "மாட்டுக்குப் போடுங்கள்" என்று கூடையைத் தள்ளிவிட்டார். மாட்டுக்குத்தான் போட்டேன்.

நடந்தது இதுதான். செடியின் குருத்து இலை விடுவதை நிறுத்திப் பூ மொட்டுக்கு மாறும் பருவம் ஏறக்குறைய பத்து நாள். அந்த நாட்களில் வெயில் 30 டிகிரியைத் தாண்டிக் கொளுத்தினால் மொட்டுகள் சீராக உருவாகாது. அப்போது பூ கடுகளவில் குருத்துக்குள் ஒளிந்திருக்கும். வெளியே எதுவும் தெரியாது. நாம் கண்ணால் பார்க்கும்போது கெடுதல் நடந்து பல நாளாகியிருக்கும். அதற்குப் பிறகு நிழல்வலை கட்டுவது வீண் செலவு. நானும் கட்டினேன்.

ஆகவே நடும் நாளின் குளிரைப் பார்க்காதீர்கள். நட்டு ஐந்து, ஆறு வாரம் கழித்து வெயில் எப்படி இருக்கும் என்று பாருங்கள். பூசா கேடிஎஸ்-1 குலு பள்ளத்தாக்கின் கட்ரைனில் தேர்வான ரகம். பாலம் சம்ருத்தி பாலம்பூரில் பிறந்தது. இரண்டுமே இமாச்சலக் குளிரின் பிள்ளைகள். கிரீன் மேஜிக் போன்ற வீரிய ஒட்டு ரகங்கள் சூட்டைக் கொஞ்சம் தாங்கும். கொஞ்சம்தான், பங்குனி வெயிலுக்கு அவையும் கைவிரித்துவிடும்.

ஊட்டிக்காரர் சொன்னார் என்று நடுவது

அவர் 2,200 மீட்டருக்கு மேலே இருக்கிறார். ஓசூர் 900 மீட்டர். அவருக்குக் கோடையிலும் பூ கட்டும். மார்கழி, தையில் உறைபனிதான் அவர் கவலை.

விதை பாக்கெட்டில் உள்ள அறுவடை நாள் கணக்கை நம்புவது

அது பெரும்பாலும் நாற்று நட்ட நாளிலிருந்து. விதைத்த நாளிலிருந்து எண்ணி வியாபாரிக்கு வாக்குக் கொடுத்துவிடாதீர்கள். குளிர் கூடினால் அந்தக் கணக்கும் தள்ளிப்போகும்.

முற்றிய நாற்று

குழித்தட்டில் ஐந்தாறு வாரம் கிடந்து வேர் சுருண்ட நாற்றை இலவசமாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். செடி வளரும் முன்பே பொத்தான் அளவில் பூ வைத்து நின்றுவிடும். எந்தப் பருவமும் அதைக் காப்பாற்றாது.

யூரியாவை அள்ளிக் கொட்டுவது

தண்டை வெட்டிப் பாருங்கள், உள்ளே ஓட்டை. போரான் என்ற நுண்ணூட்டச் சத்து குறைந்தாலும் இதே ஓட்டை வரும் என்பதால், மண் பரிசோதனை செய்யாமல் பழியை எதன்மீதும் போடாதீர்கள்.

"இன்னும் இரண்டு நாள் விட்டால் எடை கூடும்"

அறுவடைக்கு வந்த பூவை அப்படி விடாதீர்கள். மஞ்சளாகும்.

நடுப்பூவை அறுத்ததும் செடியைப் பிடுங்குவது

குளிர்காலமாக இருந்தால் விட்டுவையுங்கள். பக்கக் கிளைகளில் சிறு பூக்கள் சில வாரம் வரும். வீட்டுக்கும் ஆகும், தெரிந்த ஹோட்டலுக்கும் கொடுக்கலாம். ரகத்துக்கு ரகம் இது மாறும். சில வீரிய ஒட்டு ரகங்களில் கிளைப்பூ பெயருக்குத்தான் இருக்கும்.

பாகலூர் இளைஞரிடம் மட்டும் பிடுங்கிவிடச் சொன்னேன். இந்த வெயிலில் கிளைப்பூவும் இலையோடுதான் வரும். அவரிடம் மாடு இல்லையாம். என்னிடம் இரண்டு இருக்கின்றன.