தான்சானியாவுக்கு முந்திரி வாங்கப் போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன அக்டோபரில் தான்சானியாவின் தென்கோடியில் உள்ள முட்வாராவில் தங்கியிருந்தேன். அதே விடுதியில் பண்ருட்டிப் பக்கத்துப் பையன்கள் இரண்டு பேர். முதல் தடவை வந்திருக்கிறார்கள். இரவுச் சாப்பாட்டின்போது பெரியவன் கேட்டான்: "அண்ணே, சங்கம், ஏலம்னு அலையறதுக்கு நேரா விவசாயிகிட்டயே வாங்கிட்டா கிலோவுக்கு நல்லா மிச்சமாகுமே? ஒருத்தர் கிராமத்துல எடுத்துத் தரேங்கறார். முன்பணம் மட்டும் கேக்கறார்."

எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. பதினோரு வருஷத்துக்கு முன்னால் இதே ஊரில் இதே யோசனை எனக்கும் வந்தது. தடுத்துச் சொல்ல ஆள் இல்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன். விசா, மஞ்சள் காய்ச்சல் ஊசி, மலேரியா மாத்திரை எல்லாம் எல்லோரும் சொல்வார்கள், அதை விட்டுவிடுகிறேன்.

நாட்டை ஒரே ஊராக நினைப்பது

தான்சானியாவின் பரப்பு ஏறத்தாழ 9.45 லட்சம் சதுர கிலோமீட்டர். ஏழு தமிழ்நாட்டை உள்ளே வைக்கலாம். ஆனால் 2022 கணக்கெடுப்பின்படி மக்கள் 6.17 கோடிதான். புதிதாக வருகிறவர்கள் டார் எஸ் சலாமில் இறங்கி, "முந்திரிக் காடு பக்கம்தானே" என்று கேட்கிறார்கள். முட்வாரா அங்கிருந்து சாலைவழியே 550 கிலோமீட்டருக்கு மேல். ருஃபிஜி ஆற்றுக்குக் குறுக்கே ம்காப்பா பாலம் வந்ததே 2003-இல்தான். அதுவரை தென்பகுதிக்காரர்கள் படகுத்துறையில் காத்துக் கிடந்தார்கள். பாலம் வந்த பிறகும் மழை சாலையை விடுவதில்லை. 2024 மே மாதம் ஹிதாயா புயல் மழையில் டாருக்கும் லிண்டிக்கும் இடையே சாலை அறுந்து, லாரிகள் நாள்கணக்கில் நின்றன.

மழையும் எல்லா இடத்திலும் ஒன்றல்ல. வடக்கிலும் டார் கடற்கரையிலும் இரண்டு பருவம்: அக்டோபர் முதல் டிசம்பர் வரை 'வூலி' என்ற சிறுமழை, மார்ச் முதல் மே வரை 'மசிக்கா' என்ற பெருமழை. தெற்கே ஒரே பருவம். நவம்பர் கடைசியில் அல்லது டிசம்பரில் தொடங்கி ஏப்ரல் வரை போகும். முந்திரி அறுவடை அக்டோபரிலிருந்து ஜனவரி வரை. கணக்குப் போட்டுப் பாருங்கள்: அக்டோபர், நவம்பர் சரக்கு காய்ந்து வரும். அதற்குப் பிறகு வாங்கும் கொட்டை நனைந்திருக்க வாய்ப்பு உண்டு. விலை குறைகிறதே என்று டிசம்பர் வரை காத்திருந்தவர்கள் ஈரக்கொட்டையை வாங்கித் தூத்துக்குடியில் இறக்கியதைப் பார்த்திருக்கிறேன்.

இந்த மண்ணைப் பார்க்காமல் திட்டம் போட்டவர்களில் பெரியவர்கள் ஆங்கிலேயர்கள். 1947-இல் லட்சக்கணக்கான ஏக்கரில் நிலக்கடலை போடுகிறோம் என்று இறங்கினார்கள். கொங்க்வாவில் வெயில் காலத்தில் மண் கல்லாக இறுகி இயந்திரங்களை உடைத்தது. மழையும் நம்பியபடி வரவில்லை. 1951-இல் திட்டத்தைக் கைவிட்டபோது 3.6 கோடி பவுண்டு போயிருந்தது. முட்வாராவின் ஆழ்கடல் துறைமுகம் அந்தத் திட்டத்துக்காகத் தொடங்கிய வேலை. கடலை போய்விட்டது, இன்று அதே துறையில் முந்திரி ஏறுகிறது.

தலைநகர்

டோடோமா. அமைச்சக வேலைக்கு டாரில் அலையாதீர்கள்.

கிராமத்தில் நேரடியாக வாங்குவது

இதுதான் என் பணத்தைத் தின்றது. இன்னும் கோபம் ஆறவில்லை.

எப்படி நடக்கிறது என்றால், விடுதியிலோ டீக்கடையிலோ ஒருவர் அறிமுகமாவார். ஆங்கிலம் பேசுவார், கொஞ்சம் இந்தியும் வரும். தண்டஹிம்பாவிலோ நெவாலாவிலோ ஒரு வீட்டுக்கு அழைத்துப் போவார். மூட்டையிலிருந்து ஒரு பிடி எடுத்து வெட்டிக் காட்டுவார். எனக்குக் காட்டிய கொட்டையின் அவுட்டர்ன் 53; அதாவது 80 கிலோ மூட்டைக்கு 53 பவுண்டு நல்ல பருப்பு. அப்படிப்பட்ட கொட்டையைப் பார்த்தால் யாருக்கும் கை துறுதுறுக்கும். ஒரு கன்டெய்னர் அளவுக்கு, 16 டன், பேசி முடித்தேன். இரண்டு தவணையாக முன்பணம் கொடுத்தேன்.

முதல் லாரி இரவில் புறப்பட்டது. ஏன் இரவில் என்று நான் கேட்டிருக்க வேண்டும். வழியில் சோதனைச் சாவடியில் நிறுத்தினார்கள். காகிதம் இல்லை. மூட்டையெல்லாம் பறிமுதல். இரண்டாவது லாரி எப்படியோ வந்து சேர்ந்தது. அதில் பாதி போன வருஷத்துக் கொட்டை, மீதி ஈரம். வெட்டிப் பார்த்ததில் 44. ஆளைப் போனில் பிடிக்க முடியவில்லை. அந்தக் கடனை அடைக்க மூன்று சீசன் ஆனது.

தான்சானியாவில் கச்சா முந்திரி விற்பதற்கு ஒரே வழிதான். 2007-08 சீசனிலிருந்து கிடங்கு ரசீது முறை நடைமுறையில் இருக்கிறது. விவசாயி கொட்டையைத் தன் ஊரின் தொடக்கக் கூட்டுறவுச் சங்கத்தில் கொடுப்பார். அங்கே எடை போட்டு, முதல் தரம், அடுத்த தரம் என்று பிரிப்பார்கள். அங்கிருந்து பெரிய கிடங்குக்குப் போகும்; ரசீது வரும். பல சங்கங்களின் சரக்கைச் சேர்த்து டானெகு, மாம்கு, ருனாலி போன்ற கூட்டுறவு ஒன்றியங்கள் ஏலத்துக்கு வைக்கும். முந்திரி வாரியத்தில் பதிவு செய்தவர் மட்டுமே கேட்கலாம். வந்த விலையை விவசாயிகள் கூட்டத்திலேயே ஏற்பார்கள் அல்லது மறுப்பார்கள். 2024 சீசனிலிருந்து சரக்குச் சந்தையின் கணினி வழியாகவே ஏலம் நடக்கிறது. இதற்கு வெளியே வாங்குவதற்கு அங்கே 'கங்கோம்பா' என்று பெயர், குற்றம். போதாததற்கு 2025 ஜூலையில் வெளிநாட்டவர் செய்யக் கூடாத தொழில்கள் என்று 15-ஐப் பட்டியல் போட்டார்கள். அதில் வயலுக்கே போய் விளைபொருள் வாங்குவதும் ஒன்று.

சட்டம் தெரியாமல் போனது ஒரு தவறு. அதைவிட என்னை உறுத்துவது, அந்தச் சட்டம் ஏன் வந்தது என்று நான் யோசிக்காதது. மழைக்காலத்தில், பழைய சோளம் தீர்ந்து புதியது வராத மாதங்களில், வீட்டில் அடுப்பு எரிய வேண்டும் என்பதற்காக விவசாயி வரப்போகும் கொட்டையை முன்கூட்டியே விற்றுவிடுகிறார். வாங்குகிறவர் எடை போடுவதில்லை, பாத்திரத்தில் அளக்கிறார், அந்தப் பாத்திரமும் அவருடையது. நான் கொடுத்த முன்பணம் அப்படித்தான் யாரோ ஒருவர் வீட்டுப் பசிக்கு விலை பேசியிருக்கும். நம் ஊரில் பூவிலேயே தோப்பைக் குத்தகைக்கு எழுதிக் கொடுக்கும் வீடுகளை நமக்குத் தெரியும். புரியாதது போல் இருக்க முடியாது.

விலை விஷயத்தில் அந்த மக்களுக்கு வலி பழசு. 1973-74-இல் அந்த நாட்டில் ஏறத்தாழ 1,45,000 டன் முந்திரி விளைந்தது. முதல் அதிபர் ஜூலியஸ் நியெரேரேயின் 'உஜாமா' என்ற கூட்டுக் கிராமத் திட்டக் காலத்தில் சிதறிக் கிடந்த குடும்பங்களைப் புதுக் கிராமங்களுக்கு மாற்றியபோது பலருடைய மரங்கள் பல கிலோமீட்டர் தள்ளிப் போய்விட்டன. அரசு கொடுத்த விலையும் குறைவு. அப்புறம் சாம்பல் நோய் வேறு. 1986-87-இல் விளைச்சல் 16,500 டன்னாக விழுந்தது. கந்தகத்தூள் தூவி, மரத்தைக் கவாத்து செய்து, திரும்பக் கொண்டுவர ஒரு தலைமுறை பிடித்தது.

அதனால்தான் அங்கே முந்திரி ஒரு அரசியல் பயிர். 2018 ஜூனில் ஏற்றுமதி வரியில் முந்திரித் துறைக்குப் போன பங்கை மத்தியக் கருவூலத்துக்குத் திருப்பியபோது தென்பகுதி எம்.பி.க்கள் நாடாளுமன்றத்தில் கொதித்தார்கள். அந்த வருஷம் ஏலத்தில் வந்த விலையை விவசாயிகள் ஏற்க மறுத்தார்கள். நவம்பரில் அதிபர் மகுஃபுலி வேளாண் அமைச்சரை நீக்கிவிட்டு, கிலோ 3,300 ஷில்லிங்குக்கு அரசே வாங்கும் என்று அறிவித்து ராணுவ லாரிகளை இறக்கினார். தனியார் வியாபாரிகள் வெறுங்கையோடு நின்றோம். அதிபர், அவர் நியமிக்கும் மாகாண ஆணையர், மாவட்ட ஆணையர்: இந்த மூன்று பேரின் சொல்லுக்கு அங்கே எவ்வளவு எடை என்று தெரியாமல் யாரும் வங்கிக் கடன் வாங்கிக்கொண்டு போகாதீர்கள்.

சரி, ஏலத்தில் வாங்கினால் செலவு கூடுமே? கூடும். ஏற்றுமதி வரி, சங்கக் கட்டணம், கிடங்குக் கட்டணம் எல்லாம் சேர்த்துத்தான் விலை கேட்க வேண்டும். அந்தக் கணக்கு ஒத்துவரவில்லை என்றால் அந்த வாரம் வாங்காமல் இருங்கள்.

டாலரில் பேசுவது

2025 மார்ச்சிலிருந்து உள்நாட்டில் வெளிநாட்டு நாணயத்தில் விலை சொல்வதும் கொடுப்பதும் குற்றம். ஷில்லிங்.

ஸான்சிபாரைச் சுற்றுலாத் தீவு என்று மட்டும் பார்ப்பது

பெருநிலமான தாங்கனிக்கா 1961-இல் விடுதலை அடைந்த தனி நாடு. ஸான்சிபார் 1963-இல் விடுதலை அடைந்து, ஒரே மாதத்தில் புரட்சி கண்டு, 1964 ஏப்ரல் 26 அன்று அதோடு சேர்ந்தது. சேர்ந்தாலும் ஸான்சிபாருக்கு இன்றும் தனி அதிபர், தனி சட்டமன்றம், தனி வரி. பெருநிலத்துக்கு மட்டும் என்று தனி அரசு கிடையாது. 2021 முதல் ஒன்றியத்தின் அதிபராக இருக்கும் சாமியா சுலுஹு ஹசன் ஸான்சிபார்க்காரர். ஆனால் ஸான்சிபாரின் உள்விவகாரம் அவர் கையில் இல்லை.

முந்திரியோடு கிராம்பும் எடுக்கலாம் என்று ஸான்சிபாரைச் சேர்ந்த பெம்பா தீவுக்குப் போன ஒரு மளிகை வியாபாரி, டாரில் வாங்கிய உரிமம் போதும் என்று நம்பியிருந்தார். அங்கே விவசாயியிடமிருந்து கிராம்பு வாங்குவது அரசு வணிகக் கழகம் மட்டும்தான். டிக்கெட் காசு போனதுதான் மிச்சம்.

கடிகாரம்

சுவாஹிலியில் மணியை விடியலிலிருந்து எண்ணுவார்கள். காலை ஏழு மணிதான் 'சா மோஜா', முதல் மணி. நம் பஞ்சாங்கத்தில் நாழிகையை உதயத்திலிருந்து எண்ணுவது போலத்தான். கிடங்குக்காரர் ஆங்கிலத்தில் "மூன்று மணிக்கு வா" என்றால் அவர் மனதில் இருப்பது 'சா தாத்து', காலை ஒன்பது. நீங்கள் மதியம் போய் நின்றால் எடை பார்த்து, சாக்கு தைத்து, கதவைப் பூட்டியிருப்பார்கள். எந்த நேரம் சொன்னாலும் "காலையா?" என்று ஒருமுறை கேட்டுவிடுங்கள்.

பிளாஸ்டிக் பை

2019 ஜூனிலிருந்து தடை. பெட்டியில் வைக்க வேண்டாம்.

என்ன இனம் என்று கேட்பது

120-க்கு மேற்பட்ட இனங்கள் வாழும் நாடு. தெற்கே மக்கொண்டே, மக்குவா, யாவோ மக்கள் அதிகம். ஆனால் வந்த உடனே "நீங்கள் எந்த இனம்?" என்று கேட்டால் முகம் மாறும். ஆரம்பப் பள்ளியிலிருந்து எல்லோரையும் சுவாஹிலியில் படிக்க வைத்து, முதலில் தான்சானியர் என்று சொல்லிப் பழக்கிய நாடு அது. நியெரேரேயை 'ம்வாலிமு', ஆசிரியர் என்றுதான் இன்றும் அழைக்கிறார்கள்.

அதற்குப் பதில் வணக்கம் சொல்லக் கற்றுக்கொள்ளுங்கள். வயதில் மூத்தவரைப் பார்த்தால் 'ஷிகமோ'. உங்கள் காலைத் தொடுகிறேன் என்பதிலிருந்து வந்த சொல் என்பார்கள். அவர் 'மராஹபா' என்று ஏற்றுக்கொண்ட பிறகுதான் விலைப் பேச்சு. அதைச் சொல்லாமல் நேராகச் சாக்கைத் தொட்டுப் பார்க்கிறவனோடு அந்த ஊர்ப் பெரியவர்கள் பேச விரும்புவதில்லை.

அந்த இரண்டு பையன்களும் முன்பணம் கொடுக்கவில்லை. மறுநாள் என்னோடு நெவாலா பக்கம் ஒரு சங்கத்துக்கு வந்தார்கள். வாசலில் வயதான அம்மா ஒருவர் கொட்டையைப் பரப்பி, கல்லையும் காய்ந்த பழத்தையும் பொறுக்கிக்கொண்டிருந்தார். சின்னவன் கொஞ்சம் தயங்கி "ஷிகமோ" என்றான். அந்த அம்மா நிமிர்ந்து பார்த்து "மராஹபா" என்று சொல்லி, பக்கத்தில் கிடந்த காலிச் சாக்கை அவன் உட்காருவதற்காக இழுத்துப் போட்டார்.