கோல்டு காஸ்ட் வெண்கலம்: எந்தத் தூளை வாங்குவது, எப்படி ஊற்றுவது?

கோல்டு காஸ்ட் (cold cast) என்றால் உலோகத்தை உருக்காமல், அதன் தூளை ரெசினில் கலந்து மோல்டில் ஊற்றி வார்ப்பது. சிலிக்கான் மோல்டு தயார், ரெசின் கலக்கத் தெரியும் என்று வைத்துக்கொண்டு நேராகத் தூளுக்கு வருகிறேன். வேலையில் பாதி அங்கேயே முடிவாகிவிடும்.

கடையில் 'பிரான்ஸ் (bronze) பவுடர்' என்று மட்டும் கேட்காதீர்கள். பெயின்டில் கலக்கும் தங்க நிறத் தூளை நீட்டிவிடுவார்கள். அது செதில் செதிலானது. டப்பாவில் பளபளக்கும், ரெசினில் கொஞ்சம் போட்டதுமே கூழாகி ஊற்ற வராது, மெருகும் ஏறாது. 'மெட்டாலிக் பிக்மென்ட்' என்று விற்பதில் பெரும்பாலானவை வெறும் மைக்கா, அதாவது உலோகமே இல்லாத அப்பிரகத் தூள். நமக்கு வேண்டியது அட்டமைஸ்டு தூள், அதாவது உருகிய உலோகத்தைப் பீய்ச்சிச் சிதறடித்து எடுத்த தூள். சல்லடை அளவு 325 மெஷ், அதாவது துகள் சுமார் 44 மைக்ரானுக்குள். பார்வைக்கு மங்கலாக இருக்கும், அதைக் கண்டு தயங்க வேண்டாம். சந்தேகம் வந்தால் 50 மில்லி கப்பில் தலைதட்டி அளந்து எடை போடுங்கள். 150 கிராமுக்கு மேல் இருந்தால் சரியான தூள். அதில் பாதிகூட வராவிட்டால் செதில்தான்.

பாலியஸ்டர் ரெசின் மலிவு. ஆனால் வெண்கலம் போன்ற செம்பு கலந்த தூள்கள் அது இறுகுவதைத் தடுக்கும். எபாக்சி மெதுவாக இறுகுவதற்குள் தூள் அடியில் தங்கிவிடும். என் தேர்வு, கலந்த பிறகு ஐந்து நிமிடமாவது இறுகாமல் கையில் நிற்கும் பாலியூரித்தேன் ரெசின். தூளில் ஈரம் இருந்தால் இது நுரைக்கும் என்பதால் முதலில் தூளை உலர்த்தி ஆறவிடுங்கள்.

முகமூடி போட்டுக்கொண்டு, காய்ந்த மோல்டுக்குள் மென்மையான பிரஷால் தூளைத் தடவி, மிச்சத்தைத் தட்டிக் கொட்டுங்கள். பிறகு அளவால் சமபங்கு: 100 மில்லி ரெசின் என்றால் 100 மில்லி தூள். தூளை ரெசினின் இரு பாகங்களிலும் பிரித்துக் கலந்துவிட்டு, ஒரு சொட்டு கறுப்பு நிறமி சேர்த்து, கடைசியில் இரண்டையும் ஒன்றாக்குங்கள். கறுப்பு இல்லாவிட்டால் மடிப்புகளில் ஆழம் தெரியாது. ஊற்றி, மோல்டை உருட்டிக்கொண்டே இருங்கள். 2 அல்லது 3 மில்லிமீட்டர் தோல் பிடித்தால் போதும். செங்குத்தான பக்கங்களில் வழிந்தால் அடுத்த கலவையில் சிறிது ஃப்யூம்டு சிலிக்கா (கலவையைக் கெட்டியாக்கும் லேசான வெள்ளைத் தூள்) சேர்த்துப் பிரஷால் பூசுங்கள். தோல் விரலில் பிசுபிசுக்கும்போதே உள்ளே வெறும் ரெசினை நிரப்பிவிட வேண்டும். முழுக்க இறுகியபின் ஊற்றினால் இரண்டும் பிரிந்துவிடலாம்.

மோல்டிலிருந்து எடுத்ததும் அழுக்குப் பழுப்பாக இருக்கும். பதறவே வேண்டாம், உலோகத்தின் மேல் மெல்லிய ரெசின் படலம் இருக்கிறது, அவ்வளவுதான். ஒரு நாள் விட்டு 0000 ஸ்டீல் வுல்லால் (மிக மெல்லிய எஃகு நார்) தேயுங்கள். மூக்கு நுனி, புருவ மேடு என்று உயர்ந்த இடங்களில் முதலில் வெண்கலம் எட்டிப்பார்க்கும். உப்புத்தாள் கீறல் விடும்.

பின்சேர்க்கை: அலுமினியத் தூளுக்கும் இதே முறைதான். ஆனால் காற்றில் பறக்கும் அந்தத் தூசி தீப்பிடித்து வெடிக்கக்கூடியது. அருகில் அடுப்போ, ஃபேனோ கூடாது, வேக்குவம் கிளீனரால் உறிஞ்சவும் கூடாது. இரும்புத் தூளில் துருநிறம் வேண்டுமென்றால், தேய்த்து உலோகம் வெளியே தெரிந்த பிறகே உப்பு கரைத்த வினிகரைத் தெளியுங்கள். படலத்தின் மேல் தெளித்தால் துரு பிடிக்காது.