லுவார் பள்ளத்தாக்கில் சைக்கிள் பயணம்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

பிரான்ஸின் லுவார் ஆற்றங்கரையில் சைக்கிள் ஓட்டப் பெரிய பயிற்சி எதுவும் வேண்டாம். நெவேர் நகருக்குப் பக்கத்தில் தொடங்கி அட்லாண்டிக் கடல்வரை ஏறத்தாழ 900 கி.மீ. போகிறது ‘லுவார் ஆ வேலோ’ பாதை. வழி நெடுக அடையாளப் பலகைகள் உண்டு. ஆற்றங்கரை, வயல்வெளி, கார்கள் அதிகம் வராத சிறு சாலைகள் என்று மாறி மாறி வரும். இவ்வளவு சுலபமாக இருப்பதாலேயே பலர் திட்டத்தில் கோட்டைவிடுகிறார்கள். இந்தப் பள்ளத்தாக்கின் பழைய மாளிகைகளைப் பற்றிக் காரில் போகிறவர்களுக்கென்று எழுதிய பட்டியலை வைத்துக்கொண்டு அதையே சைக்கிளில் முடிக்கப் பார்க்கிறார்கள். மற்ற தவறுகளில் பாதி இதிலிருந்துதான் வருகிறது.

வரைபடத்தில் ப்ளுவா, ஷாம்போர், ஷெவெர்னி மாளிகைகள் மூன்றும் பக்கத்துப் பக்கத்தில் தெரியும். ப்ளுவாவில் கிளம்பி மற்ற இரண்டையும் சுற்றித் திரும்பினால் ஐம்பது கிலோமீட்டர் சொச்சம்தான். சரி, ஒரே நாளில் மூன்றையும் பார்த்துவிடலாம் என்று தோன்றும். ஓட்டுவதற்கு நான்கு மணி நேரம் போதும் என்பது உண்மை. ஆனால் ஷாம்போரை எவ்வளவு நேரத்தில் பார்ப்பீர்கள்? முதலாம் பிரான்சுவா மன்னர் 1519-இல் கட்டத் தொடங்கிய மாளிகை அது. சுற்றியுள்ள காடும் வெளியுமாக 5,440 ஹெக்டேர் நிலத்தை 32 கி.மீ. நீளச் சுவர் வளைத்திருக்கிறது. அந்தக் காட்டுக்குள் சைக்கிளில் போவதே தனி அனுபவம். உள்ளே நட்ட நடுவில் இரட்டைச் சுழல் படிக்கட்டு: ஒருவர் ஏற, மற்றவர் இறங்க, இருவரும் நடுவிலுள்ள திறப்புகள் வழியே பார்த்துக்கொள்ளலாம், ஆனால் எதிரெதிரே சந்திக்க மாட்டார்கள். மேலே ஏறினால் மொட்டைமாடி முழுக்கப் புகைபோக்கிகளும் சிறு கோபுரங்களும். அங்கே மட்டுமே ஒரு மணி நேரம் நிற்கலாம். இதையெல்லாம் நாற்பது நிமிடத்தில் முடித்துக்கொண்டு ஓடுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கும்.

ஒரு நாளைக்கு ஒரு மாளிகைக்குள் போங்கள். இன்னொன்றை வெளியிலிருந்து பாருங்கள். என் கணக்கு அவ்வளவுதான். ப்ளுவாவில் இரண்டு, மூன்று இரவுகள் தங்கி, கனமான பையை அறையிலேயே விட்டுவிட்டு ஒவ்வொரு நாளும் ஒரு திசையில் போய்வருவது தினமும் ஊர் மாறுவதைவிட நிம்மதி. ப்ளுவா மாளிகையைக் கடைசி நாளுக்கு வைத்துக்கொள்ளலாம். பிரெஞ்சு மன்னர் மூன்றாம் ஹென்றியின் உத்தரவுப்படி 1588 டிசம்பரில் கீஸ் பிரபு கொல்லப்பட்டது அந்த மாளிகையில்தான். வரலாறு பிடித்தவர்களுக்கு அரைநாள் போவதே தெரியாது. இன்னொன்று: பல இடங்களில் மூடும் நேரத்துக்கு அரைமணி நேரம் முன்பே உள்ளே விடுவதை நிறுத்திவிடுவார்கள். ஐந்து மணிக்கு வியர்க்க விறுவிறுக்க வந்து சேர்ந்து பயனில்லை.

அடுத்த தவறு, ஆற்றங்கரைப் பாதை சமதளம் என்பதால் எல்லாமே சமதளம் என்று நம்புவது. புகழ்பெற்ற மாளிகைகள் பலவும் லுவார் கரையில் இல்லை, அதன் துணையாறுகளின் கரையில் இருக்கின்றன. ஷெனோன்சோ ஷேர் ஆற்றின் மேல், அஸே-லெ-ரிதோ ஆந்த்ர் ஆற்றில், ஷினோன் வியன் கரையில். ஓர் ஆற்றிலிருந்து இன்னொன்றுக்குப் போக நடுவிலுள்ள மேட்டுநிலத்தில் ஏறி இறங்கியே ஆகவேண்டும். அம்புவாஸிலிருந்து ஷெனோன்சோ சுமார் 15 கி.மீ.தான். ஆனால் ஊரைவிட்டு வெளியேறும்போதே ஏற்றம், அப்புறம் காடு, பிறகு இறக்கம். வில்லாந்திரியின் தோட்டங்களைப் பார்த்துவிட்டு அஸே போகும் வழியும் இப்படித்தான். பெரிய மலை எதுவும் இல்லை. ஆனால் இருபது கிலோ சாமான் பின்னால் தொங்கினால் சின்ன மேடும் மூச்சு வாங்கவைக்கும். அந்தச் சரிவுகளில் தெரியும் வெண்பாறையைக் கவனியுங்கள். ‘துஃபோ’ என்ற மென்மையான சுண்ணாம்புக்கல் அது. இந்தப் பகுதியின் மாளிகைகள் பலவும் அந்தக் கல்லில் கட்டியவை. கல் வெட்டியெடுத்த குகைகள் இன்று ஒயின் கிடங்காகவும், காளான் வளர்க்கும் இடமாகவும், சில இடங்களில் வீடாகவும் இருக்கின்றன. ஏறும்போது நின்று மூச்சு வாங்க இது நல்ல காரணம்.

திசையைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஆறு போகும் பக்கமே போனால் இறக்கமாக இருக்கும் என்று நினைத்துக் கிழக்கிலிருந்து மேற்கே போகிறவர்கள் அதிகம். 900 கி.மீ.க்கு மொத்த இறக்கம் 200 மீட்டர்கூட வராது, காலுக்கு அது தெரியவே தெரியாது. ஆனால் அட்லாண்டிக்கிலிருந்து வரும் மேற்குக் காற்று நன்றாகவே தெரியும். பல நாள் தொடர்ந்து ஓட்டப் போகிறீர்கள் என்றால் மேற்கிலிருந்து கிழக்கே வருவதுதான் நல்லது. டயரும் அப்படியே: பந்தய சைக்கிளின் ஒல்லி டயர் வேண்டாம். சரளைப் பாதைகளும் வருவதால் 35 மி.மீ. அளவு டயர் சௌகரியம்.

சாப்பாட்டு விஷயத்தில்தான் நம்மவர்கள் அதிகம் மாட்டிக்கொள்கிறார்கள். பிரெஞ்சு கிராமத்தில் மதிய உணவு 12 மணியிலிருந்து 2 மணிவரை. இரண்டரைக்குப் போய் நின்றால் அடுப்பு அணைந்திருக்கும். ஞாயிறு மதியத்துக்குமேல் கடைகள் பெரும்பாலும் இல்லை. திங்கட்கிழமை உணவகங்களும் பேக்கரிகளும் மூடியிருப்பது சாதாரணம். மே மாதம் போகிறவர்கள் 1, 8 தேதிகள் அரசு விடுமுறை என்பதை மறக்கவேண்டாம். இயேசு விண்ணேறியதைக் கொண்டாடும் அசென்ஷன் வியாழனும் பெரும்பாலும் அந்த மாதத்தில்தான் வரும். காலையில் ஊரைவிட்டுக் கிளம்பும்போதே பேக்கரியில் ஒரு பகெத் (நீள ரொட்டி), கொஞ்சம் பழம், தக்காளி வாங்கிப் பையில் வைத்துவிட்டால் பகல் முழுக்க யாரையும் நம்பியிருக்க வேண்டாம்.

சைவர்கள் இன்னும் கவனமாக இருக்கவேண்டும். சாலட் என்று கேட்டாலும் பன்றி இறைச்சித் துண்டுகள் தூவி வரலாம், கீஷ் லொரேன் என்ற முட்டைப் பையிலும் அதுவே இருக்கும். ஆட்டுப்பால் சீஸ் இந்தப் பகுதியின் பெருமை. நடுவில் வைக்கோல் செருகிய ‘சேந்த்-மோர் த தூரேன்’ சாப்பிடாமல் திரும்பக்கூடாது என்பேன். ஆனால் பாரம்பரிய பிரெஞ்சுச் சீஸ் பெரும்பாலானவற்றில் கன்றின் வயிற்றிலிருந்து எடுக்கும் உறைபொருள் சேர்கிறது, கண்டிப்பான சைவர்கள் அதைத் தெரிந்துகொண்டு முடிவு செய்யலாம். பாரிஸ் வழியாகப் போகிறவர்களுக்கு ஒரு யோசனை: காரே து நோர் ரயில் நிலையத்திலிருந்து நடக்கும் தூரத்தில் லா ஷப்பல் பகுதி. அங்கே ஈழத்தமிழர் கடைகள் வரிசையாக இருக்கின்றன. அவல், பருப்புப்பொடி, ஊறுகாய் வாங்கிக்கொண்டால் கடை மூடிய ஞாயிற்றுக்கிழமை இரவைப் பற்றிக் கவலையில்லை.

தண்ணீருக்கு ஊர்க் கல்லறைத் தோட்டங்களைப் பாருங்கள். கேட்க ஒரு மாதிரி இருந்தாலும், பிரெஞ்சு சைக்கிள்காரர்கள் பாட்டில் நிரப்பும் வழக்கமான இடம் அது. செடிகளுக்கு ஊற்றக் குழாய் வைத்திருப்பார்கள். ‘ஓ நோன் பொத்தாப்ல்’ என்று பலகை இருந்தால் மட்டும் குடிக்கக்கூடாது. ஜூலை, ஆகஸ்டில் வெயில் 35 டிகிரியைத் தாண்டும் நாட்களும் உண்டு, அப்போது இரண்டு பாட்டில் கட்டாயம். முடிந்தால் மே, ஜூன் அல்லது செப்டம்பரில் போங்கள். குளிர்காலத்திலும் வசந்தத்தின் தொடக்கத்திலும் ஆறு பெருகினால் கரையோரப் பாதையின் சில பகுதிகளை மூடிவிடுவார்கள்.

சாலை விதிகளில் நமக்குப் பழக்கமில்லாதது ஒன்று உண்டு. பலகையோ கோடோ இல்லாத சந்திப்பில் வலப்பக்கத்திலிருந்து வருகிறவருக்கே முன்னுரிமை. கிராமத்துச் சந்திலிருந்து ஒரு கார் நிற்காமல் வெளியே வந்தால் தவறு அவருடையது அல்ல. காதில் இயர்போன் போட்டு ஓட்டுவது சட்டப்படி குற்றம். ஊருக்கு வெளியே இருட்டிலோ மூடுபனியிலோ ஒளிரும் மேற்சட்டை கட்டாயம். வூவ்ரே, ஷினோன், பூர்கெய் என்று ஒயின் ஊர்கள் வழியெல்லாம் வரும், ஒயின் கிடங்குகளில் ருசி பார்க்கக் கூப்பிடுவார்கள். குடித்துவிட்டு ஓட்டுவதற்கான சட்டம் சைக்கிளுக்கும் பொருந்தும். அதனால் அதை அன்றைய ஓட்டம் முடிந்தபிறகு வைத்துக்கொள்ளுங்கள்.

தங்குமிடத்தை வாடகை குறைவு என்பதற்காக மட்டும் தேர்ந்தெடுக்காதீர்கள். ‘அக்கெய் வேலோ’ என்ற முத்திரை பதித்த இடங்கள் பாதையிலிருந்து 5 கி.மீ.க்குள் இருக்கும். சைக்கிளைப் பூட்டி வைக்க இடமும் பழுதுபார்க்கும் சாமானும் தருவார்கள். மாலை ஏழு மணிக்குமேல் வரவேற்பில் ஆள் இல்லாத சிறு விடுதிகள் நிறைய, தாமதமானால் முன்கூட்டியே போன் செய்துவிடுங்கள். எங்கே நுழைந்தாலும் முதலில் ‘போன்ழூர்’ சொல்லுங்கள். வணக்கம் சொல்லாமல் நேராகக் கேள்வி கேட்பதை அங்கே மரியாதைக்குறைவாக எடுத்துக்கொள்வார்கள்.

ஷெனோன்சோவுக்கு மட்டும் அவசரப்படாதீர்கள் என்று தனியாகக் கேட்டுக்கொள்கிறேன். இரண்டாம் ஹென்றி மன்னரின் காதலி தியான் த புவாத்தியே கட்டிய பாலத்தின்மேல் அவருடைய மனைவி கத்தரீன் தெ மெதிசி எழுப்பிய நீண்ட கூடம் ஆற்றைக் கடந்து நிற்கிறது. இரண்டாம் உலகப்போரில், 1940-க்குப் பிறகு, ஷேர் ஆறு ஜெர்மானியர் ஆக்கிரமித்த பகுதிக்கும் ஆக்கிரமிக்காத பகுதிக்கும் எல்லையாக இருந்தது. கூடத்தின் தெற்கு வாசலைத் தாண்டினால் மறுகரை. பேருந்தில் வருகிறவர்கள் பார்ப்பது வடகரையை மட்டும்தான். சைக்கிளில் வருகிறவர்கள் தென்கரைப் பாதைக்குப் போய், ஆற்றின்மேல் அந்த வளைவுகள் முழுவதையும் டிக்கெட் இல்லாமலே பார்க்கலாம்.

ரயிலைக் கடைசியில் யோசிப்பதும் பெரிய தவறு. பாரிஸ் ஓஸ்தெர்லிட்ஸ் நிலையத்திலிருந்து ப்ளுவாவுக்கு ரயில் உண்டு. ஆனால் எல்லா வண்டியிலும் சைக்கிளை அப்படியே ஏற்ற முடியாது. பல ரயில்களில் சைக்கிளுக்கென்று தனி இடம் முன்பதிவு செய்யவேண்டும். அதிவேக ரயிலான டி.ஜி.வி.யில் பெரும்பாலும் கழற்றிப் பையில் போட்டுத்தான் கொண்டுபோக வேண்டியிருக்கும். கோடையில் சைக்கிள் இடங்கள் சீக்கிரம் தீர்ந்துவிடும். திரும்பும் வண்டியில் சைக்கிளுக்கு இடம் கிடைத்த பிறகு மற்ற நாட்களைத் திட்டமிடுங்கள். கிடைக்கவில்லையென்றால் ப்ளுவா, அம்புவாஸ், தூர் ஊர்களில் வாடகை சைக்கிள் கிடைக்கும், அதை அங்கேயே திருப்பிக் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு ரயிலேறலாம்.