பிக்கப் வண்டில ஓவர்ஹெட் கன்சோல் மாட்டுறது எப்படி

ஓவர்ஹெட் கன்சோல்னா முன் சீட்டுக்கு மேல கூரைல மாட்டுற, லைட்டும் டிஸ்ப்ளேவும் இருக்குற பெட்டி. முதல்ல பேட்டரி நெகட்டிவ் டெர்மினலை கழட்டிட்டு ஒரு 10 நிமிஷம் விட்டுருங்க, ஏர்பேக் சிஸ்டத்துல சார்ஜ் மிச்சம் இருக்கும். அப்புறம் கூரை லைட்டை நெம்பி எடுங்க, பிளாஸ்டிக் நெம்புகோல் போதும், ஸ்க்ரூடிரைவர் வச்சா ஹெட்லைனர் (கூரைக்கு உள்பக்கம் இருக்குற உறை) துணில தழும்பு விழுந்துரும்.

கன்சோலோட அளவை அட்டைல வரைஞ்சு வெட்டி கூரைல ஒட்டிப் பாருங்க, சன் வைசர் ரெண்டும் தட்டாம இறங்குதா, கண்ணாடிய மறைக்குதான்னு பாத்துட்டு அப்புறமா கத்திய எடுங்க. ஹெட்லைனரை வெட்டும்போது கோட்டுக்கு உள்ளயே கொஞ்சம் சின்னதா வெட்டுங்க, பெருசாக்கிக்கலாம், சின்னதாக்க முடியாதே! பிராக்கெட்டை கூரைக்கு அடில குறுக்க போற இரும்பு சட்டத்துல மட்டும் முடுக்குங்க, ஸ்க்ரூ நீளமா இருந்தா மேல் தகடு பொத்துக்கிட்டு மழைத்தண்ணி உள்ள வரும்.

வயர்தான் பெரிய வேலை. ஏ-பில்லர் (முன் கண்ணாடிக்கு பக்கவாட்டுல இருக்குற தூண்) வழியா இறக்கும்போது கர்ட்டன் ஏர்பேக் (ஜன்னல் பக்கமா திரை மாதிரி விரியுற ஏர்பேக்) இருந்தா அதுக்குப் பின்னாடிதான் போகணும், குறுக்க போச்சுன்னா அது விரியுறப்போ சிக்கிக்கும். மேப் லைட்டுக்கு (கன்சோல்ல இருக்குற படிக்கிற லைட்) எப்பவும் 12 வோல்ட் வர்ற லைன், திசைகாட்டி டிஸ்ப்ளேவுக்கு சாவி போட்டா மட்டும் வர்ற லைன், ரெண்டுக்கும் தனித்தனி ஃப்யூஸ். பேட்டரிய திரும்ப மாட்டி மல்டிமீட்டர்ல செக் பண்ணி, லைட் எரியுதான்னு பாத்துட்டு அப்புறமா மூடுங்க.