ஒரே ஸ்கேலில் இரண்டு பாடம்: கோண உந்தமும் தனிச்சீரிசை இயக்கமும்

கோண உந்தம் (சுழலும் பொருளின் உந்தம்), தனிச்சீரிசை இயக்கம் (ஊசல்போல் சீராக முன்னும் பின்னும் ஆடுவது) ஆகிய இரண்டையும் தனித்தனிப் பாடமாகப் படித்தவர்கள், இரண்டும் சேர்ந்து வரும் கணக்கில்தான் திணறுவார்கள். ஒரு மீட்டர் ஸ்கேலை ஆட்டிப் பார்த்தால் சேர்த்தே பிடித்துவிடலாம்.

படி 1: மாட்டுங்கள்

மர ஸ்கேலில் 1 செ.மீ. கோட்டில் சிறு துளை போட்டு ஆணியில் தொங்கவிடுங்கள். துளை ஆணியைப் பிடிக்கக் கூடாது. தாராளமாக ஆட வேண்டும்.

படி 2: ஆட்டிவிட்டுக் கவனியுங்கள்

பக்கவாட்டில் 10 டிகிரி இழுத்து விடுங்கள். விடும் கணத்தில் ஸ்கேல் அசைவதில்லை, ஆகவே கோண உந்தம் சுழி. ஆனால் ஈர்ப்பு தரும் திருப்புவிசை, அதாவது விசையின் சுழற்றும் விளைவு, அங்கேதான் அதிகம். நேர் கீழே வரும்போது எல்லாம் தலைகீழ்: திருப்புவிசை சுழி, கோண உந்தம் உச்சம். திருப்புவிசையே இல்லாத இடத்தில் ஸ்கேல் ஏன் நிற்கவில்லை? திருப்புவிசை தீர்மானிப்பது கோண உந்தத்தை அல்ல, அது மாறும் வீதத்தை. இதை விளங்கிக்கொண்டால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று. கோண உந்தம் மாறாது என்ற விதியை இங்கே இழுக்காதீர்கள். வெளித் திருப்புவிசை இருக்கும்போது அது செல்லாது.

படி 3: எழுதுங்கள்

துளை சரியாக முனையிலேயே இருப்பதாக இப்போதைக்கு வைத்துக்கொள்வோம்.

திருப்புவிசை = – நிறை × ஈர்ப்பு முடுக்கம் × (நீளம் ÷ 2) × கோணத்தின் சைன்

நிலைமத் திருப்புத்திறன் (சுழற்சி மாற்றத்தை எதிர்க்கும் அளவு) = நிறை × நீளம்² ÷ 3

முதலாவதை இரண்டாவதால் வகுத்தால் கோண முடுக்கம்; நிறை அடிபட்டுப் போகும். 10 டிகிரி என்பது 0.1745 ரேடியன், அதன் சைன் 0.1736. வித்தியாசம் அற்பம் என்பதால் சைனை விட்டுவிட்டுக் கோணத்தையே போடலாம்:

கோண முடுக்கம் = – [3 × ஈர்ப்பு முடுக்கம் ÷ (2 × நீளம்)] × கோணம்

முடுக்கம் இடப்பெயர்ச்சிக்கு நேர்விகிதம், திசை எதிர். தனிச்சீரிசை இயக்கம் என்பதே இதுதானே! அடைப்புக்குள் இருப்பது கோண அதிர்வெண்ணின் (எவ்வளவு விரைவாக ஆடுகிறது என்பதைச் சொல்லும் எண்) வர்க்கம். ஈர்ப்பு முடுக்கம் 9.8, நீளம் 1 மீட்டர் என்றால் அது 14.7, வர்க்கமூலம் 3.83.

இந்த 3.83-ஐ ஸ்கேல் சுழலும் வேகம் என்று நினைத்துக் கோண உந்தச் சூத்திரத்தில் (நிலைமத் திருப்புத்திறன் × கோணத் திசைவேகம்) போடுபவர்கள் ஏராளம். இரண்டுக்கும் ஒமேகாதான் குறியீடு, அலகும் ஒன்றே. குழப்பம் வராமல் என்ன செய்யும்? கோண அதிர்வெண் மாறாத எண். கோணத் திசைவேகம் கணத்துக்குக் கணம் மாறும். அதன் உச்சமே 3.83 × 0.1745, அதாவது நொடிக்கு ஏறக்குறைய 0.67 ரேடியன்தான்.

படி 4: அளந்து பாருங்கள்

அலைவு நேரம் (ஒருமுறை போய்த் திரும்பும் நேரம்) = 2π ÷ கோண அதிர்வெண் = 6.28 ÷ 3.83 = 1.64 நொடி. துளை 1 செ.மீ. உள்ளே இருப்பதையும் கணக்கில் சேர்த்தால் 1.63. ஒரே அலைவை அளக்காதீர்கள், ஸ்டாப்வாட்சை அழுத்தும் தாமதமே கணக்கைக் கெடுத்துவிடும். 20 அலைவுகளுக்கு 32.6 நொடி அளவில் வர வேண்டும். அதில் பாதி வந்தால், போவதை ஒன்று, வருவதை ஒன்று என்று எண்ணியிருக்கிறீர்கள்.

படி 5: தலைகீழாக மாட்டுங்கள்

67 செ.மீ. கோட்டில் இன்னொரு துளை போட்டு அதில் தொங்கவிட்டால், அலைவு நேரம் அதே 1.63 நொடி! துளைகளுக்கு இடையே உள்ள 66 செ.மீ.தான் இதே நேரத்தில் ஆடும் தனி ஊசலின் (நூலில் தொங்கும் சிறு குண்டு) நீளம். இந்தப் பண்பை வைத்துத்தான் 1817-இல் ஆங்கிலேய இயற்பியலாளர் ஹென்றி கேட்டர் தலைகீழாகவும் மாட்டக்கூடிய ஊசலைச் செய்து ஈர்ப்பு முடுக்கத்தை அளந்தார். நிறை மையம் எங்கே, நிலைமத் திருப்புத்திறன் எவ்வளவு என்ற கேள்விக்கே அதில் வேலையில்லை. தாங்கும் புள்ளிகள் இரண்டுக்கும் இடையே உள்ள தூரமும் நேரமும் போதும்.