வன்னியில் ஆர்க்கியாக்களைத் தேடிப் பார்க்கும் முறை

உயர்தர உயிரியலில் ஆர்க்கியா என்ற ஒற்றைக்கல நுண்ணுயிர்கள் பற்றிய பகுதிக்கு வந்ததும் மெதேன் ஆக்கிகள், உப்புவிரும்பிகள், வெப்பவிரும்பிகள் என்ற மூன்று பெயர்களையும் மனனம் செய்துவிட்டு அடுத்த பாடத்துக்குப் போவதே வழக்கம். கிளிநொச்சி, முல்லைத்தீவு மாணவர்கள் அத்துடன் நின்றுவிட வேண்டியதில்லை. முதல் இரண்டு வகையும் வாழும் இடங்கள் அவர்களுக்கு எட்டிய தூரத்திலேயே இருக்கின்றன.

இவை பற்றீரியாக்கள் அல்ல என்பதை 1977 இல் கார்ல் வூஸ், ஜோர்ஜ் பொக்ஸ் என்ற விஞ்ஞானிகள், கலத்தில் புரதம் ஆக்கும் இறைபோசோம்களின் ஆர்.என்.ஏ. தொடர்களை ஒப்பிட்டு எடுத்துக்காட்டினர். பற்றீரியாக் கலச்சுவருக்குரிய பொருளான பெப்டிடோகிளைக்கன் இவற்றின் கலச்சுவரில் இல்லாமையும், மென்சவ்வுக் கொழுப்புகள் ஈதர் பிணைப்பால் இணைந்திருப்பதும் பரீட்சைக்கு மட்டுமன்றிக் கீழே சொல்லப்படுவனவற்றை விளங்கிக்கொள்ளவும் தேவையானவை.

உப்புவிரும்பிகளிலிருந்து தொடங்குவதே நல்லது, ஏனெனில் அவற்றை நிறத்தைக் கொண்டே தேடலாம். சோளகக் காற்று வீசும் வறண்ட மாதங்களில், அனுமதி பெற்று, ஆனையிறவுப் பக்கத்து உப்பளத்துக்குச் செல்லுங்கள். கடல்நீரில் உப்பு ஏறத்தாழ 3.5 சதவீதமே, உப்பு படியத் தொடங்கும் பாத்தியில் அது 25 சதவீதத்தை அண்மிக்கும். அந்தக் கடைசிப் பாத்திகளில் இளஞ்சிவப்பு அல்லது செம்மஞ்சள் சாயல் தெரிந்தால் அந்நீரை ஒரு கண்ணாடிப் போத்தலில் எடுத்து, பின்னால் வெள்ளைத்தாள் பிடித்துப் பாருங்கள். ஹலோபக்டீரியம் (பெயர் எப்படியிருந்தாலும் இது ஆர்க்கியாவே) போன்றவற்றின் பக்டீரியோரூபெரின் என்ற நிறப்பொருளும், டுனலியெல்லா சலினா என்ற அல்காவின் கரோட்டினும் இந்நிறத்துக்குக் காரணமாகலாம். நுணுக்குக்காட்டியில் 400 மடங்கு உருப்பெருக்கத்தில், இரு சவுக்குமுளைகளுடன் நீந்தும் பெரிய கலங்கள் அல்காவுக்கு உரியவை. அவற்றுக்கிடையே புள்ளிகளாகவும் மெல்லிய கோல்களாகவும் தெரிபவற்றையே கவனிக்க வேண்டும். மேலே வைத்த மெல்லிய கண்ணாடித் துண்டின் விளிம்பில் காய்ச்சி வடித்த நீர் ஒரு துளி விடுங்கள். அது பரவிச் செல்லும் பக்கமாக அக்கோல்கள் உப்பி, உருண்டு, மறைவதைக் காணலாம். கலத்தினுள் பொற்றாசியம் அயன்களைச் செறிவாக வைத்து வெளியுப்பை ஈடுசெய்யும் இவ்வுயிர்களுக்கு நாம் குடிக்கும் நீரே கொல்லும் சூழல். ஆகவே மாதிரியைக் குழாய்நீரால் ஐதாக்கக் கூடாது. பார்த்து முடிந்ததும் வில்லையையும் மேடையையும் ஈரத்துணியால் துடைத்துவிடுங்கள். காய்ந்த உப்பு உலோகத்தை அரித்துவிடும். உப்பளம் போக வசதியில்லாதவர்கள், சரியாகக் காயாத கருவாட்டில் சில வேளை படரும் சிவப்புத் திட்டைச் சுரண்டிப் பார்க்கலாம். கடலுப்போடு வந்து சேரும் இதே கூட்டத்தினரே பெரும்பாலும் அதற்குக் காரணம்.

மெதேன் ஆக்கிகளுக்கு, மாரிமழையோடு நெல் விளைவிக்கும் காலபோகமே பருவம். நீர் கட்டிய வயலின் சேற்றில் ஒட்சிசன் மிக விரைவில் தீர்ந்துவிடும். அங்கே இவை காபனீரொட்சைட்டையும் ஐதரசனையும், அல்லது அசற்றேற்றை, மெதேனாக மாற்றிச் சக்தி பெறுகின்றன. வாய் அகன்ற புனலொன்றை நீர் நிரம்பிய போத்தலின் வாயில் பொருத்தி, நீருக்குள்ளேயே கவிழ்த்துப் பிடித்துக்கொண்டு, புனலின் கீழுள்ள சேற்றைத் தடியால் கிளறுங்கள். குமிழிகள் மேலேறிப் போத்தலின் நீரைக் கீழே தள்ளும். இவ்வாயு மெதேன் மட்டுமன்று, நைதரசனும் காபனீரொட்சைட்டும் கலந்தது. எரித்துப் பார்ப்பதானால் ஆசிரியர் முன்னிலையில், சிறு சோதனைக்குழாயளவு மட்டுமே. மாட்டின் இரைப்பையிலும் சாணவாயுக் கலனிலும் இதே வேலையைச் செய்பவை இவ்வகையினவே. எல்லா ஆர்க்கியாக்களும் கொதிநீரிலும் அமிலத்திலும்தான் வாழும் என்று எழுதுபவர்கள், இந்தச் சாதாரண வயற்சேற்றை மறந்துவிடுகிறார்கள்.

வயலில் இறங்கும்போது எலிக்காய்ச்சலை நினைவில் வைத்து, காலில் புண் இருந்தால் இறங்காதீர்கள். மிதிவெடி எச்சரிக்கைப் பலகை உள்ள இடத்திலோ, அகற்றும் பணி முடிந்ததாக உறுதியாகத் தெரியாத காணியிலோ சேறு தோண்டவே கூடாது.

வெப்பவிரும்பிகளைத் தேடி இங்கே அலைய வேண்டாம். திருகோணமலைக் கன்னியா வெந்நீர்க் கிணறுகளில் மக்கள் குளிக்கிறார்கள் என்பதே அந்நீர் எவ்வளவு மிதமானது என்பதைக் காட்டும். தோமஸ் புரொக் குழுவினர் 1972 இல் விவரித்த, அமெரிக்காவின் யெலோஸ்டோன் பூங்காவிலிருந்து பெறப்பட்ட சல்போலோபஸ் அசிடோகல்டாரியஸ், 75 முதல் 80 பாகை செல்சியசில், பீஎச் 2 தொடக்கம் 3 வரையான அமிலத்தில் வளர்வது. ஆழ்கடல் வெந்நீர் ஊற்றைச் சேர்ந்த மெதனோபைரஸ் காண்ட்லரி இனத்தின் ஒரு திரிபு, உயர் அமுக்கத்தில் 122 பாகையிலும் வளர்ந்திருக்கிறது. அது மெதேன் ஆக்கியும்கூட என்பதால், மூன்று வகைகளும் ஒன்றையொன்று விலக்கும் பெட்டிகள் அல்ல. டி.என்.ஏ. பெருக்கத்துக்குப் பயன்படும் டக் நொதியத்தைத் தரும் தேர்மஸ் அக்குவாட்டிக்கஸ் ஒரு பற்றீரியா. இதனை ஆர்க்கியா என்று எழுதிப் புள்ளி இழப்பவர்கள் பலர்.

குறிப்பேட்டில் இடம், திகதி, நீரின் வெப்பநிலை, நிறம் ஆகியவற்றோடு கண்டதை மட்டும் எழுதுங்கள். நிறத்தைக் கொண்டு இனப்பெயர் எழுத வேண்டாம். உப்பளச் செந்நீரில் சலினிபக்டர் ரூபர் என்ற சிவப்புப் பற்றீரியாவும் வாழக்கூடும், அதையும் ஹலோபக்டீரியத்தையும் பாடசாலை நுணுக்குக்காட்டியால் பிரித்தறிய இயலாது.