இடத்தைப் பத்திரமா வெச்சிருந்தோமே!

போன மாதம் ஒரு போன். நண்பர் நடத்தும் சின்ன ஐ.டி. கம்பெனியில் புதிதாக எச்.ஆர். பொறுப்புக்கு வந்திருக்கும் பையன். “அக்கா, நம்ம ஆளு ஒருத்தர் நேஷனல் கார்டுல, அதான் அமெரிக்கப் பகுதி நேரப் பட்டாளத்துல, பத்து மாசம் இருந்துட்டு திங்கட்கிழமை வர்றார். அதே டீம், அதே சம்பளம், அதே மேசை. எல்லாம் ரெடி. வேற ஏதாவது செய்யணுமா?”

மேசையைத் துடைத்துக்கூட வைத்துவிட்டானாம். கேட்டதும் எனக்கு வயிற்றைப் பிசைந்தது. பல வருடங்களுக்கு முன்னால் டெக்சாஸில் ஒரு கம்பெனியில் சம்பளப் பட்டியல் பார்த்துக்கொண்டிருந்தபோது, இதே பெருமையோடு இதே தவறை நானும் செய்திருக்கிறேன். அதற்கப்புறம் இந்த வேலைக்குப் புதிதாக வந்த நாலைந்து பேர் அச்சு மாறாமல் அதையே செய்வதையும் பார்த்துவிட்டேன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நம்மவர்கள் இதில் தடுமாறுவதற்குக் காரணம் உண்டு. நம் ஊரில் பட்டாளத்துக்குப் போவதென்றால் ஒரேயடியாகப் போவதுதான். ரயில்வே ஸ்டேஷனில் வழியனுப்புவார்கள். 2022க்கு முந்தைய விதியில் சேர்ந்தவர் பதினைந்து வருடம் கழித்து டிரங்குப் பெட்டியும் பென்ஷனுமாக வருவார். அமெரிக்காவில் அப்படி இல்லை. வெள்ளிக்கிழமை மாலை வரை உங்களோடு டெஸ்டிங் செய்தவர் சனிக்கிழமை காலை சார்ஜன்ட். நேஷனல் கார்டு, ரிசர்வ் என்று பகுதி நேரப் படைகளில் இருப்பவர்களுக்கு வழக்கமாக மாதம் ஒரு வார இறுதி, வருடத்தில் இரண்டு வாரம் பயிற்சி. உத்தரவு வந்தால் மாதக்கணக்கில் கிளம்ப வேண்டும். கிரீன் கார்டு உள்ளவர்களும் சேரலாம். 2009இல் தொடங்கிய மாவ்னி திட்டத்தில் விசாவில் இருந்தவர்களைக்கூட அவர்கள் மொழிக்காக எடுத்தார்கள். அந்தப் பட்டியலில் தமிழும் இருந்தது. ஆகவே ‘நம்ம கம்பெனியில் யார் பட்டாளத்துக்குப் போகப் போகிறார்கள்’ என்று இருந்துவிட வேண்டாம்.

இவர்களின் வேலையைக் காப்பது 1994ஆம் வருடத்து மத்தியச் சட்டம். சுருக்கப் பெயர் யுசெர்ரா. படைக்குப் போனவரை வேலையை விட்டுத் தூக்கக் கூடாது என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான், அதை விட்டுவிடுகிறேன். புதிதாக வருபவர்கள் வழக்கமாகச் செய்யும் தவறுகளை மட்டும் ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

“நாங்க ஆறே பேருதான்”

ஒரே ஒரு ஊழியர் இருந்தாலும் சட்டம் உண்டு.

லீவைப் பரிசீலிப்பது

லீவ் விண்ணப்பம் என்றாலே ‘அப்ரூவ்’, ‘ரிஜெக்ட்’ என்று இரண்டு பொத்தான் இருக்கும் சாஃப்ட்வேர்தான் எல்லா ஆபீசிலும். ராணுவ லீவில் இரண்டாவது பொத்தானுக்கு வேலையே இல்லை. ஊழியர் உங்களிடம் அனுமதி கேட்கவில்லை, தகவல் சொல்கிறார். எழுத்தில் தர வேண்டும் என்பதுகூடக் கட்டாயமில்லை. வாயால் சொன்னாலும் செல்லும். டெலிவரி நேரத்தில் கிளம்புகிறாரே என்று எரிச்சல் வரலாம். தேதியை மாற்ற முடியுமா என்று அவருடைய படைப்பிரிவைத் தொடர்புகொண்டு பணிவாகக் கேட்கலாம். முடியாது என்றால் முடியாதுதான்.

“உனக்குப் பதிலா ஆள் பிடிச்சுக் கொடுத்துட்டுப் போ” என்று சொல்லும் மேனேஜர்களை நான் பார்த்திருக்கிறேன். ஷிஃப்ட் வேலை நடக்கும் கடைகளிலும் மோட்டல்களிலும் இது சர்வசாதாரணம். மாற்று ஆள் தேடுவது முதலாளியின் தலைவலி. ஊழியர் தலையில் கட்டக் கூடாது.

பழைய நாற்காலியில் உட்கார வைப்பது

என் கதைக்கு வருகிறேன். எங்களிடம் இருந்த பையன் மார்ச் மாதத் தொடக்கத்தில் உத்தரவு வந்து கிளம்பினான். வருடச் சம்பளம் 62,000 டாலர். பதினோரு மாதம் கழித்து, அடுத்த பிப்ரவரித் தொடக்கத்தில் வந்தான். அவன் வேலையை யாருக்கும் நிரந்தரமாகக் கொடுக்காமல், ஒப்பந்த ஆளை வைத்தே ஓட்டியிருந்தோம். முதல் நாள் கேக் வெட்டினோம். 62,000 என்று எழுதி நான்தான் கையெழுத்துப் போட்டேன். நல்ல காரியம் செய்துவிட்ட நினைப்பு.

அந்தப் பதினோரு மாதத்தில் என்ன நடந்தது என்று நான் யோசிக்கவே இல்லை. ஜூலையில் அவனுடைய கிரேடில் இருந்த எல்லோருக்கும் 4,000 டாலர் ஏற்றியிருந்தோம். ஜனவரியில் மூன்று சதவீத ஹைக். அவன் எங்கும் போகாமல் இங்கேயே இருந்திருந்தால், பிப்ரவரியில் அவன் சம்பளம் 67,980 டாலர். சட்டம் கேட்பது அந்த எண்ணை. அவன் விட்டுப்போன எண்ணை அல்ல.

இதற்கு எஸ்கலேட்டர் விதி என்று பெயர். 1946இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பில் இந்த உவமையைச் சொன்னது: போரிலிருந்து திரும்பியவர் தான் இறங்கிய படியில் மறுபடி ஏறுவதில்லை, இறங்காமலே நின்றிருந்தால் இந்நேரம் எந்த உயரத்தில் இருப்பாரோ அங்கே ஏறுகிறார். வேடிக்கை என்னவென்றால், வழக்குப் போட்ட ஃபிஷ்கோல்ட் என்ற வெல்டர் அதில் தோற்றுப்போனார். அவர் கேட்டது அந்த உயரத்துக்கும் மேலே ஒரு படி. அவர் தோற்ற வழக்கின் உவமைதான் இன்றுவரை சட்டமாக நிற்கிறது.

எங்கள் பையன் ஐந்து மாதம் பழைய சம்பளத்திலேயே வேலை செய்தான். யாரோ மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஜூலை உயர்வைப் பற்றிப் பேசப்போக, விஷயம் வெளியே வந்தது. என்னிடம் வந்து கேட்டான். நான் முதலாளியிடம் கேட்டேன். அவர் சொன்னதை இன்றைக்கும் மறக்க முடியவில்லை: “இடத்தைப் பத்திரமா வெச்சிருந்தோமே, அது போதாதா? ஹைக் பெர்ஃபார்மன்ஸைப் பார்த்துக் கொடுக்கறது. அவன் இங்கே இல்லவே இல்லை, எதுக்கு மார்க் போடறது?”

கேட்க நியாயமாகத்தான் இருக்கும். நானும் தலையாட்டினேன். என் மேலேயே எனக்குக் கோபம் வருவது அந்தத் தலையாட்டலுக்குத்தான். ஹைக் மேனேஜரின் விருப்பத்தைப் பொறுத்ததாக இருந்தாலும் கேள்வி ஒன்றே ஒன்று: இங்கேயே இருந்திருந்தால் அது அவருக்கு அநேகமாக நிச்சயமாகக் கிடைத்திருக்குமா? பழைய வருடங்களில் அவருக்கு என்ன கொடுத்தீர்கள், அவரைப் போன்ற மற்றவர்களுக்கு இந்த முறை என்ன கொடுத்தீர்கள் என்று பார்த்தால் பதில் தெரிந்துவிடும். எங்கள் கிரேடில் ஒருவர் விடாமல் எல்லோருக்கும் கிடைத்திருந்தது. வாதாட என்ன இருக்கிறது?

அவன் நேரே வக்கீலிடம் போகாதது எங்கள் அதிர்ஷ்டம். பாதுகாப்புத் துறையின் கீழ் 1972 முதல் இ.எஸ்.ஜி.ஆர். என்ற அமைப்பு இருக்கிறது. முதலாளிக்கும் படை ஊழியருக்கும் நடுவே சமரசம் பேசத் தன்னார்வலர்களை வைத்திருக்கிறார்கள், காசு கிடையாது. அங்கிருந்து ஒரு பெரியவர் போன் செய்தார். அதட்டல் இல்லை, மிரட்டல் இல்லை. அரை மணி நேரம் பள்ளிப் பிள்ளைக்குச் சொல்வதுபோலச் சொன்னார். அதற்குள்ளேயே எனக்கு வியர்த்துவிட்டது.

ஐந்து மாதச் சம்பளப் பாக்கி கிட்டத்தட்ட 2,500 டாலர். அதோடு முடிந்ததா? ஓய்வூதியக் கணக்கு என்று அவர் அடுத்த பக்கத்தைத் திருப்பினார். எங்கள் 401கே திட்டத்தில் எல்லா ஊழியருக்கும் கம்பெனி சம்பளத்தில் மூன்று சதவீதம் போடும். அவன் இல்லாத பதினோரு மாதத்துக்கு நாங்கள் ஒரு காசு போடவில்லை. இருந்திருந்தால் வாங்கியிருக்கக்கூடிய சம்பளம் 59,332 டாலர். அதில் மூன்று சதவீதம் சுமார் 1,780. அதையும் கட்டினோம். ஊழியர் போடும் பணத்துக்கு ஈடாகக் கம்பெனி போடும் மேட்சிங் திட்டமாக இருந்தால் கணக்கு இன்னும் நீளும்: விட்டுப்போன தன் பங்கைக் கட்ட அவருக்குச் சேவைக்காலத்தைப் போல மூன்று மடங்கு அவகாசம் உண்டு, அதிகபட்சம் ஐந்து வருடம். அவர் கட்டக் கட்ட கம்பெனியும் தன் பங்கைப் போட வேண்டும்.

இவ்வளவு ஆன பிறகு எங்கள் வக்கீலுக்குக் கொடுத்த பில் தனி. அதை மறந்துவிட விரும்புகிறேன். 2025 திருத்தத்துக்கு முன் அப்போதிருந்த விதிப்படி, வேண்டுமென்றே செய்த மீறல் என்று நீதிமன்றம் கண்டால் இழப்பீடு இரட்டிப்பாகும் என்று அவர் சொன்னது மட்டும் நினைவில் இருக்கிறது.

இந்த விதியில் பதவி உயர்வும் வரும். அவர் போயிருந்தபோது பதவி உயர்வுக்குத் தேர்வு நடந்ததா? திரும்பி வந்து கொஞ்சம் மூச்சு விட்டபின் அவருக்கும் அதை வைக்க வேண்டும். தேறினால் பழைய தேதியிலிருந்தே உயர்வு. புது வேலைக்குப் பயிற்சி தேவையென்றால் அதையும் நீங்கள்தான் கொடுக்க வேண்டும். லீவ் கணக்கையும் பாருங்கள். ஐந்து வருடம் ஆனவருக்கு மூன்று வார வெக்கேஷன் என்பது உங்கள் விதியானால், பட்டாளத்தில் கழிந்த மாதங்களும் அந்த ஐந்தில் சேரும்.

பயத்தில் எதிர்ப்பக்கம் சாய்பவர்களும் உண்டு. எஸ்கலேட்டர் கீழேயும் போகும். அவருடைய பிரிவையே மூடி எல்லோரையும் அனுப்பியிருந்தால், அவர் இங்கேயே இருந்திருந்தாலும் போயிருப்பார் என்றால், புது வேலை உருவாக்கித் தர வேண்டியதில்லை. ஆனால் அதை நிரூபிக்கும் பொறுப்பு உங்களுடையது. ‘அவர் இடத்துக்கு வேறு ஆள் எடுத்துவிட்டோம்’ என்பது காரணமே ஆகாது. புது ஆளை நகர்த்தத்தான் வேண்டும்.

சம்பளத்தில் நாள் கணக்குப் பார்ப்பது

யுசெர்ரா சம்பளத்தோடு லீவ் கொடுக்கச் சொல்லவில்லை. அதைப் படித்துவிட்டு, வியாழன், வெள்ளி பயிற்சிக்குப் போனவருக்கு இரண்டு நாள் சம்பளத்தை வெட்டிவிடுகிறார்கள். அவர் ஓவர்டைம் கிடையாத மாதச் சம்பளக்காரர் என்றால் அந்த வாரம் ஒரு நாள் வேலை செய்திருந்தாலும் முழு வாரச் சம்பளம் கொடுக்க வேண்டும். இது வேறு சட்டம், கூலி நேரச் சட்டம். அந்த நாட்களுக்குப் படை கொடுத்த பணத்தை மட்டும் ஈடு செய்துகொள்ளலாம். வாரம் முழுக்க வராவிட்டால் சம்பளம் கேள்வி இல்லை.

இன்னொன்று. ஜூரி வேலைக்கும் துக்கத்துக்கும் சம்பளத்தோடு லீவ் கொடுத்துவிட்டு, அதே அளவுள்ள ராணுவ லீவுக்கு மட்டும் இல்லை என்றால் வம்பு. 2021இல் யுனைடெட் ஏர்லைன்ஸ், ஃபெட்எக்ஸ் வழக்குகளில் மேல்முறையீட்டு நீதிமன்றங்கள் அந்த வழக்குகளை நடத்தலாம் என்று கதவைத் திறந்துவிட்டன.

வெக்கேஷனைக் கழிப்பது

அவராகக் கேட்டால் கழிக்கலாம். நீங்களாகக் கழிக்கக் கூடாது.

அவகாசத்தைக் குறைத்து எண்ணுவது

முப்பது நாள் வரை போனவர், பத்திரமாக வீடு வந்து எட்டு மணி நேரம் ஓய்வெடுத்தபின் வரும் முதல் முழு நாளில், வழக்கமான ஷிஃப்டுக்கு வர வேண்டும். 31 முதல் 180 நாள் வரை என்றால், திரும்பி வருகிறேன் என்று சொல்லப் பதினான்கு நாள் அவகாசம். அதற்கும் மேல் என்றால் தொண்ணூறு நாள். காயம், நோய் என்று சேவையில் ஏதாவது நேர்ந்திருந்தால் குணமாக இரண்டு வருடம் வரை. ஆறு மாதத்துக்கு மேல் போயிருந்த ஒருவர் வீட்டுக்கு வந்து மூன்று வாரமாகியும் போன் செய்யவில்லை என்று, ‘வேலையைக் கைவிட்டார்’ எனக் கடிதம் தயார் செய்திருந்தாள் ஒரு பெண். நல்லவேளை, அனுப்புவதற்கு முன் என்னிடம் காட்டினாள்.

ஐந்து வருடம் தாண்டிவிட்டதாம்

ஒரே முதலாளியிடம் மொத்தம் ஐந்து வருடம் வரைதான் இந்தப் பாதுகாப்பு என்பது உண்மை. ஆனால் மாதாந்திர வார இறுதி, வருடாந்திரப் பயிற்சி, கட்டாய உத்தரவில் போன மாதங்கள் எதுவும் அதில் பொதுவாகச் சேராது. எக்ஸெலில் எல்லாவற்றையும் கூட்டாதீர்கள்.

மருத்துவ இன்சூரன்ஸ்

முப்பது நாள் வரை அவர் வழக்கமான பங்கை மட்டும் கட்டினால் போதும். அதற்கு மேல் அவர் விரும்பினால் 24 மாதம் வரை தொடரலாம். முழு பிரீமியத்தில் 102 சதவீதம் வரை வாங்கலாம். திரும்பி வந்ததும் புது ஊழியரைப் போலக் காத்திருக்கச் சொல்லக் கூடாது.

வந்த பிறகு வெளியே அனுப்புவது

180 நாளுக்கு மேல் போய் வந்தவரை ஒரு வருடத்துக்குத் தக்க காரணமில்லாமல் நீக்க முடியாது. 31 முதல் 180 நாள் என்றால் 180 நாளுக்கு.

ஃபைலைத் தூக்கிப் போடுவது

இந்த உரிமைகளுக்கு வழக்குப் போடக் காலக்கெடு கிடையாது. 2008இல் வந்த திருத்தம் அதைத் தெளிவாகவே சொல்லிவிட்டது. ஏழு வருடமானால் கிழித்துப் போடும் வழக்கத்தை இதில் காட்டாதீர்கள். லீவ் தகவல் வந்த மின்னஞ்சல், சம்பள உயர்வுப் பட்டியல், கட்டிய 401கே கணக்கு எல்லாம் ஓரிடத்தில் இருக்கட்டும்.

போன் செய்த பையனிடம் அன்றைக்கே இரண்டு பட்டியல் எடுக்கச் சொன்னேன்: பத்து மாதத்தில் அந்த டீமில் யார் யாருக்கு என்ன ஏறியது, 401கேயில் என்ன போட்டிருக்க வேண்டும். சாயங்காலம் அனுப்பினான். ஏப்ரலில் எல்லோருக்கும் ஏற்றியிருக்கிறார்கள். “அக்கா, ஓனர்கிட்ட எப்படிச் சொல்றது?” என்று கேட்டான். என் பழைய கம்பெனி ஃபைலில் 62,000 என்று நான் கையெழுத்துப் போட்ட தாளின் நகல் என்னிடம் இன்னும் இருக்கிறது. பெயரை மறைத்து அதையே அனுப்பினேன்.